பட்டாளத்தார் வளர்த்தவர்கள்

ஜனவரி 11

அன்புள்ள கடைக்குட்டிக்கு,

அக்கா எழுதுகிறேன். அப்பா, அம்மா, நான், என் கடையிலுள்ள தையல் மெஷின் எல்லோரும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்பதுதான் இந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. மலையைக் குடைந்து தண்ணீர் கொண்டுவரப் போனவனுக்கு ஒரு வரி எழுத நேரம் கிடைக்கவில்லையா? உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. அந்த மலையில் போன் எடுப்பதில்லை, எடுத்தாலும் அப்பாவுக்குக் காது கேட்காது, கைப்பட எழுதியதைப் பார்த்தால்தான் அவர் மனம் ஆறும் என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

அவர் வாயைத் திறந்து எதுவும் கேட்கவில்லை. தபால்காரர் வரும் நேரத்துக்குச் சட்டையை மாற்றிக்கொண்டு கேட்டருகில் போய் நிற்கிறார், அவ்வளவுதான். தபால்காரர் உதட்டைப் பிதுக்கியதும் உள்ளே வந்து அம்மாவுக்குத் தலை வாரிவிட உட்கார்ந்துவிடுகிறார். அம்மாவுக்குத் தோள்வலி வந்ததிலிருந்து அது அவர் வேலை. எண்பத்தாறு வயதில் பெண்டாட்டிக்குப் பின்னல் போடுகிற பட்டாளத்துக்காரர் இந்த உலகத்தில் நம் அப்பா ஒருவராகத்தான் இருப்பார். காலையில் எழுந்ததும் எல்லார் துணியையும் இஸ்திரி போடுவதும் நிற்கவில்லை. பம்பு நிலையத்தில் வேலை பார்த்த காலத்தில் நம் பள்ளிச் சட்டைகளைப் போட்ட மாதிரியே இன்றைக்கும் போடுகிறார். அந்த நேரத்தில் யார் பேசினாலும் பதில் வராது, அதுவும் மாறவில்லை.

நேற்று எதிர்வீட்டு ஆசிரியர் வந்து, பள்ளியில் பிள்ளைகளுக்குப் போர்க்கால அனுபவங்களைச் சொல்ல வேண்டும் என்று கெஞ்சினார். "ஸ்ட்ரெச்சர் தூக்கினவர் நீங்க, எத்தனை உயிரைக் காப்பாத்தியிருப்பீங்க" என்றார். அப்பா, "நடந்தோம், தூக்கினோம், திரும்பி வந்தோம். டீ ஆறுது, குடிங்க" என்று முடித்துவிட்டார். கல்லுளிமங்கன். நீயும் அவருக்குத் தப்பாமல் பிறந்திருக்கிறாய். உடனே எழுது.

திட்டினாலும் உன் அக்கா


ஜனவரி 24

அன்புள்ள அப்பா அம்மாவுக்கு,

வணக்கம். நான் நலம். நீங்கள் இருவரும் அக்காவும் நலமாக இருக்க வேண்டும். கடிதம் தாமதமானதற்கு மன்னியுங்கள், இங்கே ஷிப்ட் மாறிவிட்டது. குளிர் அதிகம். சாப்பாடு நன்றாக இருக்கிறது. தினமும் முட்டை தருகிறார்கள், பாலும் உண்டு. சன்னல் வழியாக மலை தெரிகிறது, காலையில் பார்க்க அழகாக இருக்கிறது. அம்மா தோளுக்குத் தைலம் தேய்த்துக்கொள்ளட்டும். என்னைப் பற்றிக் கவலை வேண்டாம், நான் நலமாகவே இருக்கிறேன்.

உங்கள் மகன்


ஜனவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

இதை உன் கடை முகவரிக்கு அனுப்புகிறேன். கடையில் யாராவது இருந்தால் அவர்கள் போன பிறகு படி. வீட்டுக்கு எடுத்துப்போகாதே. நீ நன்றாக இருக்கிறாயா என்று முதலில் கேட்டுவிடுகிறேன், இதைப் படித்த பிறகு கேட்டால் திட்டுவாய்.

சுரங்கத்தில் மண் ஏற்றி வந்த டிராலி தடம் புரண்டது. என் இடது கால் அதற்கும் பாறைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். காலைக் காப்பாற்ற முடியவில்லை, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நான் பிழைத்துவிட்டேன். பக்கத்துக் கட்டிலில் இருக்கும் வெல்டர்தான் காகிதம் கொடுத்தார். பேனா சரியாக எழுதவில்லை, இரண்டு கடிதத்தையும் பென்சிலில்தான் கிறுக்குகிறேன்.

அப்பா அம்மாவுக்குத் தெரியக் கூடாது. இது என் காலின் மேல் சத்தியம் என்று எழுத நினைத்தேன், எந்தக் கால் என்று நீ கேட்பாய். அக்கா, அவர் வாழ்க்கை முழுக்க அடிபட்டவர்களைத் தூக்கியவர். எண்பத்தாறு வயதில் பெற்ற பிள்ளையை இப்படிப் பார்க்க வேண்டுமா? கம்பெனியில் ஸ்டோர் வேலை தருவதாகச் சொல்கிறார்கள். நான் இங்கேயே இருந்துவிடுகிறேன். வேலை அதிகம், லீவு இல்லை என்று எழுதிக்கொண்டே இருந்தால் போதும். அவர்கள் காலம் வரை சமாளித்துவிடலாம். நீ ஒருத்தி துணை நின்றால் முடியும்.

உன் தம்பி


பிப்ரவரி 8

என் கண்ணே,

நலமா என்று எழுதப் போய் நிறுத்திவிட்டேன். கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கடைக்குள் துணி மாற்றும் அறை இருக்கிறதே, அதற்குள் போய்த் திரையை இழுத்துவிட்டு அழுதேன். ஒரு அம்மா ரவிக்கை அளவு கொடுக்க வந்து வெளியே காத்திருந்தாள். சிவந்த கண்ணோடு அளவெடுத்ததில் தோள்பட்டை தப்பாகி, இப்போது பிரித்துத் தைக்கிறேன்.

உன் பேச்சுக்குக் கட்டுப்படுகிறேன். எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் கட்டுப்படுகிறேன். நானே உன்னைப் பார்க்க வருகிறேன் என்றால் அவர்கள் இருவரையும் யார் பார்ப்பது, போவதற்கு என்ன காரணம் சொல்வது? உனக்குத் தைரியம் சொல்லலாம் என்று உட்கார்ந்தால் நம் பேச்சில் கால் வராத வாக்கியமே இல்லை போலிருக்கிறது. சொந்தக் காலில் நில், காலூன்றி நில், காலம் போனால் சரியாகும் என்று எழுதி எழுதி அடித்து, இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன்.

வீட்டுக்கு எழுதிய கடிதத்தை அப்பா வாங்கினார். கண்ணாடியைத் துடைத்துப் படித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் "நல்லா இருக்கானாம், முட்டை போடுறாங்களாம்" என்று சொல்லிவிட்டு இஸ்திரிப் பெட்டியை எடுத்தார். சாயங்காலத்தில் அவர் இஸ்திரி போட்டு நான் பார்த்ததில்லை. நம்பிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். அவரை ஏமாற்றியது இது முதல் தடவை.

செயற்கைக் கால் எப்போது தருவார்கள்? வலி எப்படி இருக்கிறது? மறைக்காமல் எழுது.

அக்கா


பிப்ரவரி 20

அன்பு மகனுக்கு அப்பாவின் ஆசிகள்.

கடிதம் கிடைத்தது. அம்மா நலம். நான் நலம். உன் அக்காவும் நலம், கடையில் வேலை அதிகம்போல, கண் சிவந்திருக்கிறது.

எங்கள் படைப்பிரிவில் ஒரு சமையல்காரன் இருந்தான். என்னைவிட இளையவன். வாய் ஓயாமல் பேசுவான். ஒரு நாள் குண்டு விழுந்ததில் வலது கை மணிக்கட்டோடு போயிற்று. நான்தான் தூக்கி வந்தேன். போர் முடிந்து ஊருக்குப் போனவன், பஸ் நிலையத்துக்கு எதிரே சாப்பாட்டுக்கடை வைத்தான். இடது கையில் கரண்டி பிடிக்கப் பழகுவதற்குள் பாதி உப்பு தரையில்தான் விழுந்தது. பிறகு கை வந்துவிட்டது. கல்யாணம் ஆகி இரண்டு பெண்கள். பெரியவளுக்குப் பின்னல் போடும்போது ரிப்பனின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொள்வான். சின்னவள் கோபக்காரி. அப்பனோடு சண்டை போட்டுக்கொண்டே கடையைப் பெரிதாக்கியவள் அவள்தான். இப்போது கல்லாவில் பேரன் உட்காருகிறான். சமையல்காரனுக்குச் சர்க்கரை இருக்கிறது, இருந்தாலும் யாரும் பார்க்காதபோது இனிப்பு தின்கிறான்.

நினைவு வந்தது, எழுதினேன். குளிருக்குக் காதை மூடிக்கொள்.

அப்பா


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் வீட்டில் இருப்பவர்களும் நலம்தானே? அப்பாவைப் பற்றித்தான் முக்கியமாகக் கேட்கிறேன். அவருக்கு என்ன ஆயிற்று?

இரண்டு கடிதம் போட்டிருக்கிறார். இரண்டிலும் பட்டாளத்துக் கதை. நாம் சின்ன வயதில் மடியில் ஏறி உட்கார்ந்து நச்சரித்தும் ஒரு வார்த்தை சொல்லாத மனிதர், இப்போது ஒரு சமையல்காரனின் பேரன் கல்லாவில் உட்காருவது வரை எழுதுகிறார். இரண்டாவது கடிதத்தில் வயர்லெஸ் ஆள் ஒருவர். முகத்தில் பாதி வெந்துபோனவராம். பின்னால் ரேடியோ ரிப்பேர் கடை வைத்து, கடையில் கண்ணாடியே மாட்டாமல் இருந்தாராம். வாடிக்கையாய் வந்த ஒரு நர்ஸ் தன் கைக்கண்ணாடியை மேஜையில் வைத்துவிட்டுப் போனாளாம். அவளையே கட்டிக்கொண்டாராம். பக்கத்துக் கட்டில் வெல்டருக்குப் படித்துக் காட்டினேன். அவருக்கு அப்பாவின் கடிதம் இப்போது தொடர்கதை ஆகிவிட்டது. "உங்க அப்பா லெட்டர் வந்துதா" என்று என்னை முந்திக்கொண்டு கேட்கிறார்.

நான் சிரிக்கிறேன், ஆனால் பயமாகவும் இருக்கிறது. வயதானவர்களுக்கு நேற்று நடந்தது மறந்து பழையது மட்டும் கிளம்பி வரும் என்கிறார்களே, அதுவா? டாக்டரிடம் காட்டு.

எனக்குப் புண் ஆறாமல் மறுபடி ஒரு தடவை கத்தி வைத்தார்கள். இப்போது பரவாயில்லை. செயற்கைக் கால் வந்து, பெட்டியோடு கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. பெரிய நர்ஸ் தினமும் எடு எடு என்கிறார். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

தம்பி


மார்ச் 28

அன்புத் தம்பிக்கு,

மறுபடி கத்தி வைத்ததை, மற்ற எல்லாவற்றையும் எழுதிவிட்டுக் கடைசியில் எழுதுகிறாயே, உன்னை என்ன செய்தால் தகும்? நான் சுகம், அம்மா சுகம். அப்பா சங்கதியை விவரமாகச் சொல்கிறேன்.

நீ எழுதியது வந்த மறுநாளே, கண் பரிசோதனை என்று பொய் சொல்லி மறதிக்குப் பார்க்கும் டாக்டரிடம் கூட்டிப் போனேன். டாக்டர் இன்று என்ன கிழமை என்றார், அப்பா சரியாகச் சொன்னார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார், அவர் கழிக்கிற வேகத்துக்கு டாக்டர் விரல் விட்டு எண்ண வேண்டியதாயிற்று. கடைசியில், "ஐயா, இப்பல்லாம் பழைய ஞாபகம் நிறைய வருதா" என்று கேட்டார். அப்பா, "வர்றதுக்கு அது எங்கயும் போகலையே" என்றார். டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, "அம்மா, உங்க அப்பா நல்லா இருக்கார், நீங்கதான் இளைச்சுப் போயிருக்கீங்க" என்று எனக்கு டானிக் எழுதிக்கொடுத்தார்.

ஆனாலும் நான் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். எங்களிடம் ஒரு கதையும் சொல்வதில்லை, உனக்கு மட்டும்தான். போன வாரம் பழைய பூட்ஸை எடுத்துப் புதுசாக அடி தைத்து வந்தார். எங்கே போக என்றேன். "வீட்டுக்குள்ள போட்டுக்கத்தான்" என்றார். சாயங்காலம் அதைப் போட்டுக்கொண்டு மாடிப்படியில் ஏறி இறங்குகிறார். அம்மா கீழே நாற்காலியில் உட்கார்ந்து, "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். இரண்டு பேருக்கும் ஏதோ ஆகிவிட்டது.

அந்தப் பெட்டியைத் திற. எனக்காக.

அக்கா


ஏப்ரல் 17

அன்பு மகனுக்கு அப்பாவின் ஆசிகள்.

இங்கு எல்லோரும் சுகம். வெயில் ஏறிவிட்டது. அம்மா உன்னை நினைத்துக்கொண்டு இருக்கிறாள். நானும்தான்.

இந்தத் தடவை பியூகிள் என்கிற பட்டாளத்து ஊதுகொம்பை ஊதுகிறவன். எங்களில் எல்லோரையும்விடச் சின்னப் பையன். மீசை சரியாக வளராது, கிண்டல் செய்வோம். அவனுக்கு முழங்காலுக்குக் கீழே கால் போயிற்று. இடது கால். ஆஸ்பத்திரியில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். வலி குறைகிறது என்று முழங்காலுக்கு அடியில் தலையணையை வைத்து மடக்கியே வைத்திருந்தான். அது தப்பு. அப்படியே இருந்தால் முழங்கால் நீட்டவே வராமல் இறுகிவிடும், பிறகு எந்தச் செயற்கைக் காலும் பொருந்தாது. தலையணையை எடுத்துவிட்டு, காலை நீட்டி வைத்து, தினமும் கொஞ்ச நேரம் குப்புறப் படுத்தான். போன காலில் பெருவிரல் அரிக்கிறது என்பான். அரிக்கும். பைத்தியம் பிடித்துவிட்டது என்று பயப்பட வேண்டியதில்லை, எல்லோருக்கும் அப்படித்தான்.

பிறகு ஊருக்குப் போய் சைக்கிள் கடை வைத்தான். பெண் பார்க்கப் போனால் முதலில் பேண்ட்டை மடித்துக் காலைக் காட்டிவிட்டுத்தான் உட்காருவான். மூன்றாவது வீட்டில் ஒரு பெண், "சரி மூடுங்க, பேர் என்ன சொல்லுங்க" என்றாளாம். நாலு பிள்ளைகள். ஒருவன் இன்ஜினியர், உன்னைப் போல. இப்போது அவனும் எண்பதைத் தாண்டிவிட்டான்.

உன் அக்காவைக் கடிந்துகொள்ளாதே. அவள் நல்லவள்.

அப்பா


மே 5

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் கேட்டு எழுதும் நிலையில் இல்லை. உண்மையைச் சொல், நீ சொல்லிவிட்டாயா?

அப்பாவின் கடிதத்தை வெல்டருக்குப் படித்துக்கொண்டிருந்தேன். தலையணை என்ற இடம் வந்ததும் வெல்டர் என் காலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். முழங்காலுக்கு அடியில் ஒன்றுக்கு இரண்டாகத் தலையணை இருந்தது. பெரிய நர்ஸ் எத்தனை தடவை எடுத்தாலும் நான் திரும்ப வைத்துக்கொண்டது. போன காலில் பெருவிரல் அரிப்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பைத்தியம் என்று நினைத்துவிடுவார்கள் என்று உண்மையிலேயே பயந்துகொண்டிருந்தேன்.

தலையணையை எடுத்துவிட்டேன். குப்புறப் படுக்கிறேன். ஆனால் அவர் இங்கே வரக் கூடாது, நான் அங்கே வரவும் மாட்டேன். வீட்டுக்கு இன்றைக்கே எழுதிவிட்டேன், ஸ்டோரில் பெரிய பொறுப்பு கொடுத்திருக்கிறார்கள், இந்த வருஷமும் அடுத்த வருஷமும் வர முடியாது என்று. அவர் எனக்குச் சட்டை இஸ்திரி போட்டுக் கொடுத்து வழியனுப்பியது இரண்டு காலோடு போனவனை. அந்த ஆளாகவே நான் அவர் மனதில் இருந்துவிட்டுப் போகிறேன்.

தம்பி


மே 27

தம்பிக்கு,

நான் சொல்லவில்லை. அம்மா மேல் ஆணை. நலம் விசாரிக்க நேரமில்லை, இந்தக் கடிதத்துக்கு முன் அவரே அங்கு வந்தாலும் வந்துவிடுவார்.

உன் கடிதம் நேற்று வந்தது. அப்பா படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இன்று காலை நான் கடை திறக்கப் போயிருந்தேன். மத்தியானம் வந்து பார்த்தால் அவர் இல்லை. பூட்ஸ் இல்லை. தோளில் மாட்டும் பையும் இல்லை. நான் தலைதெறிக்க ரயில் நிலையத்துக்கு ஓடினேன், வண்டி போயிருந்தது. எண்பத்தாறு வயது மனிதர், ஒரு இரவு முழுக்க ரயில், பிறகு மலை ஏறும் பஸ், காது கேட்காது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கத்தினேன். அவள் ஆற அமரச் சொன்னாள்: "நான்தான் துணி எடுத்து வெச்சேன். பிள்ளையப் பார்க்கப் போறார், இதுல என்ன கூச்சல்?" அம்மா, உனக்கு என்ன தெரியும் என்றேன். "எனக்கு எல்லாம் தெரியும்னு நினைக்கிறியா, ஒண்ணும் தெரியாதுன்னு நினைக்கிறியா?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்விட்டாள். இன்றைக்கு அவளுக்கு நான்தான் தலை வாரினேன். சரியாக வரவில்லை என்று இரண்டு தடவை பிரிக்கச் சொன்னாள்.

அவர் வந்து சேர்ந்ததும் ஒரு வரி போடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்கா


ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பா நலம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நீ மூச்சு விட்டுக்கொள்ளலாம். நானும் நலம், இந்த முறை அந்த வார்த்தையைத் தைரியமாக எழுதுகிறேன். எழுதத் தாமதமானது. நடந்ததை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் இத்தனை நாள் பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன்.

நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். பின்னால், "கை கழுவுற இடம் எங்கம்மா இருக்கு?" என்று ஒரு குரல் பெரிய நர்ஸிடம் கேட்டது. நான் திரும்பவில்லை. தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது. முழங்கை வரை தேய்த்துக் கழுவினாராம், நர்ஸ் பிறகு சொன்னார். வந்து என் போர்வையை விலக்கினார். வீட்டில் டீ டம்ளரைப் பிடித்தால் தளும்புமே அந்தக் கை, என் கட்டைப் பிரிக்கும்போது துளி ஆடவில்லை. புண் இருந்த இடத்தைக் குனிந்து பார்த்தார், ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். "நல்லா வெட்டியிருக்காங்க. நல்ல டாக்டர்" என்றார். அதன் பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். நான் அழுத அழுகையில் வார்டே எழுந்து உட்கார்ந்துவிட்டது. அவர் என் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு வைத்துக்கொண்டு நின்றார்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். "படுத்துக்கிட்டு எழுதினா பேனாவுல மை இறங்காது, பென்சில்லதான் எழுதணும். அப்படி நிறைய லெட்டர் எழுதிக் கொடுத்திருக்கேன். அதோட, நீ எப்பய்யா சாப்பாடு நல்லா இருக்குன்னு சொல்லியிருக்க? அப்புறம் உன் கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன், எந்தக் கால், எந்த ஆஸ்பத்திரின்னு பதில் வந்துச்சு" என்றார். முதல் கடிதத்திலேயே தெரிந்துவிட்டது, அக்கா. நாம் அவர் காதில் பூ சுற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தோம். அப்போதே ஏன் வரவில்லை என்றேன். "அப்ப வந்திருந்தா விரட்டியிருப்ப. அடிபட்ட புதுசுல யாரும் யாரையும் பார்க்க மாட்டாங்க" என்றார்.

பார்வையாளர் நேரம் முடிந்ததும் போகச் சொன்ன பெரிய நர்ஸ், இரண்டாவது நாள் அவர் கையில் துண்டைக் கொடுத்துவிட்டார். வார்டில் எல்லாருக்கும் தலையணை சரிசெய்வது, திருப்பிப் படுக்க வைப்பது அவர்தான். பருமனான ஆளைக்கூட இடுப்பைக் கொடுத்து அலுங்காமல் புரட்டுகிறார். நான் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். இந்த மனிதரோடு ஒரே வீட்டில் இருபது வருஷம் இருந்திருக்கிறோம், அக்கா, நமக்கு என்ன தெரிந்தது?

ஆனாலும் பெட்டியைத் திறக்க மாட்டேன் என்றேன். வீட்டுக்கு வரமாட்டேன் என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. வெல்டர்தான் அந்தப் பேச்சை எடுத்தார். ஆர்வம் தாங்காமல் அப்பாவின் காதருகே போய், "ஐயா, அந்த சைக்கிள் கடைக்காரர் எந்த ஊர்ல இருக்கார்? நம்ம தம்பியக் கூட்டிட்டுப் போய்க் காட்டலாமே" என்றார்.

அப்பா துண்டை மடித்துக்கொண்டிருந்தார். மடித்து முடித்து வைத்துவிட்டு என் கட்டிலில் உட்கார்ந்தார். "அவன் இல்லப்பா" என்றார். எப்போது போனார் என்று கேட்டேன். "அன்னைக்கே. நான் தூக்கிட்டு வரும்போதே, பாதி வழியில."

சமையல்காரர்? "அவன் மறுநாள்." வயர்லெஸ்காரர்? "கூடாரத்துக்குள்ள கொண்டுவந்து இறக்கினோம், பார்த்தா போயிட்டான்." அப்பா அழவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். கடை, பெண்கள், பேரன், சர்க்கரை, அந்தக் கைக்கண்ணாடி நர்ஸ் எல்லாம் பொய்யா என்று கேட்டேன். என் குரலில் கோபம் இருந்தது.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பொய்னு சொல்ல முடியாது. அவங்க அம்மாக்களுக்கு லெட்டர் எழுதினவன் நான். அதோட முடிஞ்சுதுன்னு விட மனசு வரல. நான் ஊருக்கு வந்தேன், வேலை கிடைச்சுது, உங்க அம்மா வந்தா. எனக்கு மட்டும் எப்படிக் கிடைக்கலாம்னு இருந்துச்சு. சரி, அவங்களுக்கும் ஒரு பங்கு எடுத்து வெப்போம்னு ஆரம்பிச்சேன். எனக்குக் கல்யாணம் ஆனப்போ அவங்களுக்கும் ஒவ்வொருத்தனா பண்ணி வெச்சேன். உங்க அக்கா பொறந்தா, சமையல்காரனுக்கும் ஒரு பொண்ணு. நீ காலேஜ் சேர்ந்த வருஷம் பியூகிள்காரன் பையனும் சேர்ந்தான். காலையில இஸ்திரி போடுறப்போதான் அவங்கள ஒரு சுத்து பார்த்துட்டு வருவேன். யாருக்கு என்ன தேவை, யார் வீட்டுல என்ன நடக்குதுன்னு. இன்னும் பதினோரு பேர் இருக்காங்க. எல்லாருக்கும் வயசாயிடுச்சு."

அறுபது வருஷம், அக்கா. நம்மை வளர்த்த கையோடு அவர் அத்தனை பேரையும் வளர்த்திருக்கிறார். நாம் பேசினால் பதில் வராது என்று கோபித்துக்கொண்டோமே, அந்த நேரத்தில் அவர் செத்துப்போன பையன்களுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்துக்கொண்டிருந்தார். வெல்டர் எழுந்து நின்று அப்பாவின் காலைத் தொட்டார். எனக்கு அவரை நிமிர்ந்து பார்க்கவே பயமாக இருந்தது. ஒரு மனிதருக்குள் இவ்வளவு இடம் இருக்குமா என்ற வியப்பு இன்னும் ஆறவில்லை.

வெகுநேரம் கழித்துக் கேட்டேன். "அப்பா, என்னை என்னவா யோசிச்சு வெச்சிருக்கீங்க?"

"உனக்கு நான் எதுக்குய்யா யோசிக்கணும்? நீதான் இருக்கியே" என்றார்.

மறுநாள் காலை பெட்டியை நானே இழுத்துத் திறந்தேன். முதலில் விழுந்தேன், அப்பா பிடிக்கவில்லை, வெல்டரையும் பிடிக்க விடவில்லை. பிறகு நின்றேன். இன்றைக்கு வார்டின் கடைசிக் கட்டில் வரை போய் வந்தேன். வலிக்கத்தான் செய்கிறது.

அடுத்த வாரம் இருவரும் கிளம்புகிறோம். அம்மாவிடம் நீ எதுவும் சொல்லாதே, நான் வந்து சொல்கிறேன்.

உன் தம்பி